ஆளுக்கொரு வரி

சிதம்பரத்தில் ‘தளிர் எழுத்து வட்டம்’ என்று ஒன்று நடக்கிறது. அங்கே யாரும் யாரையும் குறை சொல்ல மாட்டார்கள். அதுதான் அவர்களுடைய முதல் விதி. என்ன எழுதிக்கொண்டு போனாலும் தலையாட்டுவார்கள், கண் கலங்குவார்கள், தோளைத் தட்டிக்கொடுப்பார்கள். அந்த நல்ல மனிதர்களை நினைத்தாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என்னை அங்கே கூட்டிப் போனது புஷ்பவள்ளி அக்கா. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து மேஜை. 2005 மே மாதத்தில் என் மகன் எழிலன் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். ஆறு வயது. அவனுக்குக் கீழே இளமதி, இரண்டு வயதுக் குழந்தை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் கொஞ்ச நாளில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அது நியாயம்தான். ஆனால் எனக்கு மட்டும் எந்தக் கோப்பைப் பிரித்தாலும் எழுத்து ஓடவில்லை. குமாஸ்தா வேலைக்கு எழுத்து ஓடாவிட்டால் எப்படி?

“உள்ளயே வச்சிருந்தா புழுத்துப் போவும்டி ஜான்சி. எழுதிப் போட்டுடு. நான் எங்க வீட்டுக்காரரு போனப்ப அப்டித்தான் தப்பிச்சேன்” என்றார் அக்கா. என் கணவர் அன்பரசுவிடம் சொன்னேன். அவர் நெல்லிக்குப்பம் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். மகன் போன பிறகு அவன் பேரையே எடுக்காதவர். “போய்ட்டு வா. அழுவறதுக்கு ஒரு எடம் வேணும்ல” என்றார். அவ்வளவுதான்.

மேல வீதியில் ஒரு துணிக்கடைக்கு மேலே, மாடியில் ஒரு நீளமான அறை. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடுவார்கள். கோரைப்பாய் விரித்து வட்டமாக உட்கார வேண்டும். நடத்தியவர் செந்தமிழ்ச்செல்வன் என்ற ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர். எல்லாரும் அவரை ஐயா என்பார்கள். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. சில பேருடைய மென்மையை எதிர்த்து ஒன்றும் பேச முடியாது. அவருடையது அந்த ரகம்.

வட்டத்துக்கு என்று சில பழக்கங்கள் உண்டு. தினமும் காலையில் நாட்குறிப்பு எழுத வேண்டும். அதிலிருந்து ஒரு பக்கத்தைக் கூட்டத்தில் படிக்க வேண்டும். படித்து முடித்தால் கைதட்டக் கூடாது, எல்லாரும் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் ‘பரிசு வரி’. சுற்றி இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வரியைப் படித்தவருக்குக் கொடுப்பார்கள். அவர் அதில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு, தன் பக்கத்தில் சேர்த்துத் திருத்தி எழுதி, அடுத்த மாதம் படித்துக் காட்ட வேண்டும்.

“எதுவும் வேண்டாம்னா?” என்று முதல் நாளே கேட்டேன்.

“பரிசை யாராவது வேண்டாம்பாங்களா அம்மா?” என்று சிரித்தார் ஐயா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கட்டடத்தின் பின்பக்கம் ஒரு இரும்புச் சட்டியில் நெருப்பு மூட்டி, அந்த வருஷம் எழுதித் திருத்திய பழைய படிகளையெல்லாம் கொளுத்துவார்கள். எழுதுகிறவர்களின் போகி என்று அதற்குப் பேர். திருத்தியதுதான் நம்முடையது, பழையது நம்மைப் பின்னால் இழுக்கும் என்பார் ஐயா. நாட்குறிப்பும் சேர்ந்தே போகும். கொளுத்திய பிறகு சர்க்கரைப் பொங்கல் கொடுப்பார்கள். நன்றாக இருக்கும்.

நான் முதலில் படித்தது அரைப் பக்கம். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் எழிலனின் கடைசி நாள். அவன் கண்ணை மூடுவதற்கு முன்னால் என்ன செய்தான், என்ன சொன்னான் என்பதை அப்படியே எழுதியிருந்தேன். படிக்கும்போது தாள் சலசலத்தது நினைவிருக்கிறது. சுற்றிலும் எல்லார் கையும் நெஞ்சுக்குப் போனது. ஒரு வருஷமாக என்னிடம் யாரும் கேட்காத பேரை அன்றைக்கு இருபது பேர் கேட்டார்கள். அந்த அறையில் உட்கார்ந்து நான் வாய்விட்டு அழுதேன். அது பொய் இல்லை. அதற்கு மட்டும் அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

பிறகு வரிகள் வந்தன.

ஐயா மழையைக் கொடுத்தார். ‘ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.’ மே மாதத்தில் ஏது மழை என்று கேட்டேன். “வெளியே பெய்யலைன்னா என்ன, உங்களுக்குள்ளே பெய்ததில்லையா?” என்றார். பக்கத்தில் ஒரு அம்மா, “ஆகா” என்றாள். புஷ்பவள்ளி அக்கா கையைக் கொடுத்தார். ‘அவனுடைய சின்னக் கை என் கைக்குள் ஒரு குருவிக்குஞ்சாக இருந்தது.’ பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரித்தோப்பு வைத்திருக்கிற கொளஞ்சியப்பன் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கடைசியில் கூச்சத்தோடு ஒரு வரியைச் சொன்னார். ‘அம்மா, லைட்ட அணைச்சிடாதம்மா.’

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இதுதான் முடிவு. இதுக்கு மேலே ஒரு சொல் வரக்கூடாது” என்றார்.

அடுத்த மாதம் அப்படியே எழுதிக்கொண்டு போனேன். முதல் தடவை படித்தபோது அழுதவர்கள் இரண்டாம் தடவை குலுங்கி அழுதார்கள். அடுத்தடுத்த மாதங்களில் இன்னும் சில வரிகள் சேர்ந்தன, சில வரிகள் போயின. எழிலன் எறும்பை மிதிக்காதவன் ஆனான். ஊசி போட வந்த நர்ஸுக்கு வணக்கம் சொன்னான். மழையை வேடிக்கை பார்த்தான். அந்த ஜனவரியில் முதல் படியை நானே கிழித்துச் சட்டியில் போட்டேன். மூன்றாம் வருஷம் கடலூரில் ஆண்டுவிழா வைத்தபோது மேடையில் ஏற்றிப் படிக்கச் சொன்னார்கள். அதற்கடுத்த வருஷம் வட்டத்தின் தொகுப்பு புத்தகமாக வந்தபோது முதல் பக்கத்தில் என்னுடையதுதான். தலைப்பு, ‘அணையாத விளக்கு’. தலைப்பும் ஐயா கொடுத்த பரிசு.

எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் என்ன? கையெழுத்துக் கேட்டார்கள். முகம் தெரியாத பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அலுவலகத்தில் மேலதிகாரி ‘மேடம்’ என்று கூப்பிட ஆரம்பித்தார். அன்பரசு மட்டும் எந்த விழாவுக்கும் வரவில்லை. புத்தகத்தைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

2012 ஜூலையில் இளமதி நான்காம் வகுப்பு. பள்ளியில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். ‘எனக்குப் பிடித்த ஒருவர்’ என்பது தலைப்பு. ஒரு சாயங்காலம் அன்பரசு கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். இளமதி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“பேசிக் காட்டுறேன், கேளுங்க. எனக்குப் பிடித்த ஒருவர் என் அண்ணன் எழிலன். என் அண்ணன் மிகவும் அமைதியானவன். எறும்பைக்கூட மிதிக்க மாட்டான். அவனுக்கு மழை என்றால் உயிர். அவனை எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் என் அம்மா எழுதிய புத்தகத்தில் அவன் இருக்கிறான்...”

அன்பரசு பேனாவை வைத்தார்.

“யாரு இது?”

“எங்கண்ணன்ப்பா.”

“எறும்ப மிதிக்க மாட்டானா? புத்துல மண்ணெண்ணெ ஊத்திக் கொளுத்துனவன்டி உங்கண்ணன். எங்கிட்ட ஒத வாங்குனான் அதுக்கு.”

இளமதி என்னைப் பார்த்தாள். “அம்மா அப்டித்தான எழுதியிருக்கு?”

“அதையும் படிச்சிக் காட்டு. கடைசியில அவன் என்னா சொன்னான்னு எழுதியிருக்கு, அதையும் படி” என்றார் அவர். புத்தகத்தை அவர் எப்போதோ எடுத்துப் படித்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“அம்மா, லைட்ட அணைச்சிடாதம்மா” என்று இளமதி அழகாக, ஏற்ற இறக்கத்தோடு சொன்னாள்.

“ஜான்சி, அவன் அப்டிச் சொல்லல.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “சரி, பின்ன என்னா சொன்னான்? நீங்களே சொல்லுங்க” என்று கத்தினேன்.

வாய்ச்சண்டையில் விழுகிற கேள்விதான். ஆனால் கேட்ட பிறகுதான், நான் நிஜமாகவே கேட்டுவிட்டேன் என்பது உறைத்தது. அவன் என்ன சொன்னான்? கட்டில் ஞாபகம் இருக்கிறது. அவனுடைய பச்சை டிரவுசர் ஞாபகம் இருக்கிறது. அவன் வாய் அசைகிறது. அந்த வாயிலிருந்து ‘லைட்ட அணைச்சிடாதம்மா’ என்று வருகிறது. எழிலனின் குரலிலேயே, அந்தக் கட்டைக் குரலிலேயே வருகிறது. ஜன்னலைப் பார்க்கிறேன், மழை பெய்கிறது. மே மாதம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெய்கிறது.

அன்பரசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு ஞாபகம் இல்லியா?”

அவர் தாள்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அன்றைக்கும் மறுநாளும் என்னோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மாதக் கூட்டம். சிதம்பரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஒரே நினைப்புதான் எனக்கு. முதல் படியை இருபது பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருத்தருக்காவது ஞாபகம் இருக்கும். வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்து இளமதியிடம் கொடுத்துவிடலாம். அவளுக்கு ஒரு அண்ணன் வேண்டும். புத்தகத்தில் இருக்கிற அந்தச் சாதுவான பூனைக்குட்டி வேண்டாம்.

என் முறை வந்ததும், “இன்னைக்குப் படிக்க ஒண்ணும் கொண்டாரல. ஒண்ணு கேக்கணும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் மொதமொதல்ல படிச்சேனே, அதுல எம்புள்ள கடைசியா என்னா சொன்னான்? யாருக்காவது ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“லைட்ட அணைச்சிடாதம்மா” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“அது கொளஞ்சியப்பன் சார் குடுத்தது. அதுக்கு முன்னாடி இருந்தது.”

கொளஞ்சியப்பனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. போன டிசம்பர் புயலில் அவருடைய முந்திரித்தோப்பு அடியோடு சாய்ந்துவிட்டது. ஆள் பாதியாகியிருந்தார். விழுந்த மரங்களைப் பற்றி அவர் எழுதி வந்து படித்தபோது இதே வட்டம் அவருக்குப் பறவைகளையும் நிலாவையும் பரிசாகக் கொடுத்தது. அவரும் வாங்கிக்கொண்டார். “ஆமா மேடம், நான் குடுத்ததுதான். எம்பொண்ணு சின்னதுல அப்டித்தான் சொல்லும். லைட்ட நிறுத்துனா ஊரக் கூட்டும். இப்ப நர்சிங் படிக்குது. அதுக்குப் புத்தகத்தக் காட்டி, இது உன் டயலாக்குதான்னு சொன்னேன். ஒரே சிரிப்பு அதுக்கு” என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெகுளியான மனிதர். ஆனால் இத்தனை வருஷம், மேடை மேடையாக நான் அழுதது உயிரோடு இருக்கிற ஒரு பெண்ணின் வார்த்தைக்கு. அவள் எங்கேயோ ஹாஸ்டலில் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். நல்லாயிருக்கட்டும். என் மகன் சொன்னது எங்கே?

“அக்கா, நீங்க சொல்லுங்க. நான் படிச்சப்ப நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க.”

புஷ்பவள்ளி அக்கா நெற்றியைச் சுருக்கினார். “ஒரு கெட்ட வார்த்த இருந்துச்சுடி. யாரையோ திட்டுனான். நர்ஸையா, அவுங்கப்பாவையா தெரியல. போற புள்ள வாயில அது எதுக்குடி, கேக்க நல்லா இல்லன்னு நாந்தான் எடுக்கச் சொன்னேன். நீயும் சரின்னியே.”

“என்னா வார்த்த?”

“அத போயி யாரு ஞாபகம் வச்சிருக்கா? விடுடி. இப்ப இருக்கறது எவ்ளோ அழகா இருக்கு.”

ஐயா கையை உயர்த்தினார். வழக்கம்போல எல்லாரும் அடங்கினார்கள். “செடி வந்த பிறகு விதையைத் தோண்டிப் பார்ப்போமா அம்மா? உங்க மகன் இன்னைக்கு எத்தனையோ பேருக்கு மகன். அது சின்ன விஷயமா?” என்றார். பிறகு அவர் கண்கள் பளபளத்தன. “ஆனா நீங்க இப்போ சொன்னீங்க பாருங்க, அம்மாவுக்கே மறந்துபோன கடைசி வார்த்தை. இதுதான் எழுத்து. இதை எழுதுங்க. அடுத்த தொகுப்புக்கு இதுதான் முதல் பக்கம்.”

சுற்றிலும் எல்லார் கையும் நெஞ்சுக்குப் போனது. நான் ஒன்றையும் படிக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு அது போதும். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் ஒரு வரி தரட்டுமாக்கா? ‘என் எழுத்தில் என் மகன் இரண்டாம் முறை இறந்தான்’” என்றாள்.

நல்ல வரிதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

“எம்புள்ள கெட்ட வார்த்த பேசுனவன். எறும்பக் கொளுத்துனவன். நர்ஸுக்கு அவன் வணக்கமெல்லாம் சொல்லல. அவனக் கொண்டாந்து இந்தப் பாயிலதான் வச்சேன். ஆளாளுக்குக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, வேற எவனையோ குடுத்தனுப்பிட்டீங்க. எனக்கு அவன் வேணும், குடுங்க” என்றேன்.

எல்லாரும் நெஞ்சில் வைத்த கையை எப்போது எடுப்பது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் படியிறங்கியபோது ஐயா மெல்லிய குரலில், “போக விடுங்க, அவங்களுக்கு நேரம் கொடுப்போம்” என்று சொன்னது காதில் விழுந்தது.

திரும்பி வரும்போது ஆலப்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் நினைத்து நினைத்துப் பார்த்தேன். வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையை எல்லாம் ஒவ்வொன்றாக மனசுக்குள் எழிலன் குரலில் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் உதடு அசைவதைப் பார்த்து ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்திருப்பாள். எதுவும் பொருந்தவில்லை. எல்லாம் நான் கொடுக்கிற வரியாகத்தான் இருந்தது.

புதுப்பாளையத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது பொழுது சாயவில்லை. அன்பரசு கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

“எழிலன் கடைசியா என்னா சொன்னான்?”

அவர் ஒரு சட்டையை உதறி மடித்தார்.

“உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும். தெனம் கேக்குது எனக்கு.”

“சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“ஏங்க?” என்றேன்.

“சொன்னா நீ எழுதிடுவ ஜான்சி. எழுதுனா கொண்டுபோயிப் படிப்ப. அப்புறம் ஆளுக்கொரு வரி போடுவாங்க. எனக்குன்னு அவன்கிட்டேருந்து இருக்கறது அது ஒண்ணுதான்.”

“அங்க இனிமே போவ மாட்டேன். சத்தியமா எழுத மாட்டேங்க. இளமதி மேல சத்தியம்.”

“அவ மேலல்லாம் சத்தியம் பண்ணாத.” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், காலைப் பிடித்திருப்பேன். “எழுத மாட்டன்னு நீ சொல்ற. ஆனா உன்னால முடியாது. பழகிட்ட” என்றார். மடித்த துணியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முடியாது என்று எப்படிச் சொல்லலாம் அந்த மனுஷன்? பெற்றவள் நான். பத்து மாதம் சுமந்தவள் நான். இப்படியெல்லாம் கத்த வேண்டும் என்று வந்தது. ஆனால் அவர் பேசியதை அதற்குள்ளேயே மனசு வரிவரியாக அடுக்கிவிட்டிருந்தது. ‘தினம் கேட்கிறது எனக்கு’ என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் என்று எங்கேயோ ஒரு மூலையில் தோன்றிவிட்டது. அந்த எண்ணத்தை அறைய வேண்டும் போலிருந்தது.

உள்ளே படுக்கை அறையில் அவர் இளமதியிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சுப் போட்டிக்கு வேறு எதையாவது சொல்லிக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். ‘அண்ணன்’ என்று காதில் விழுந்தது. ‘ஆஸ்பத்திரி’ என்று விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். பிறகு ஒரு சின்ன இடைவெளி. அதற்குப் பிறகு இளமதி சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை. வகுப்பில் யாராவது சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு வெடிப்பார்களே, அப்படி. கூடவே அன்பரசும் சிரித்தார். ஏழு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் கதவைத் தொட்டதும் சிரிப்பு நின்றது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். இளமதி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி.

“என்னாடி சொன்னாரு அப்பா?”

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“சொல்லக் கூடாதாம், அம்மா” என்றாள். சொல்லும்போதே அடக்க முடியாமல் மறுபடி சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உருண்டாள்.

எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு நானும் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.